கட்டடம் தேறியது, கலப்பை தேறவில்லை

சைதாப்பேட்டை ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே கிடந்த நிலம். ஜார்ஜ் கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குப் போகிறவர் அடையாற்றைக் கடக்க வேண்டிய இடம், அவ்வளவுதான். 1726இல் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் தன் பணத்தில் அங்கே பாலம் கட்டிய பிறகே போக்குவரத்து சீரானது. அப்போதும் கோட்டைச் சுவரை விட்டு வெளியே வந்து குடியிருக்கத் துணிந்தவர் குறைவு. 1769இல் ஹைதர் அலியின் குதிரைப்படை பரங்கிமலை அருகே வந்து நின்றது. 1780இல் சுற்றுப்புறக் கிராமங்கள் மறுபடி சூறையாடப்பட்டன. அந்த நூற்றாண்டின் கடைசியில் மைசூர் பயம் தீர்ந்ததும் கம்பெனி அதிகாரிகள் அண்ணாசாலையின் இருபுறமும் அடையாற்றங்கரையிலும் பல ஏக்கர் தோப்புக்கு நடுவே ஒற்றை வீடு என்று கட்டிக்கொண்டு பரவினார்கள். மௌப்ரேயின் தோட்டமும், பின்னாளில் அதே அடையாற்றில் மூழ்கி இறந்த ஜேம்ஸ் பிராடியின் மாளிகையும் அவற்றில் பெயர் நிலைத்தவை. மறைப்பில்லாத வெளியில், பக்கத்து வீட்டு நிழல்கூடக் கிடைக்காத இடத்தில், ஒரு குடும்பம் எப்படி வாழ்வது? இந்தக் கேள்விக்குச் சென்னை கண்ட முதல் பெரிய விடை இந்தத் தோட்ட வீடுகள்தான். அந்த விடையைச் சொன்னவர்கள் வரைபடம் போட்ட துரைகள் அல்லர், கட்டிய கொத்தனார்களும் சுண்ணாம்புக்காரர்களும்தான் என்பது என் வாதம்.

வீட்டின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் இது விளங்கும். சென்னையின் வெயிலுக்கும் காற்றுக்கும் நேர அட்டவணை உண்டு. கோடையில் காலையெல்லாம் மேல்காற்று அனலாக வீசும். பிற்பகலில் கடற்காற்று ஏறினால்தான் மூச்சு வரும். ஐப்பசி, கார்த்திகையில் மழை கிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும், சில ஆண்டுகளில் புயலோடு. இத்தனைக்கும் ஈடுகொடுத்தது உயர்ந்த அடித்தளமும் அகன்ற தாழ்வாரமும். தாழ்வாரம் இருப்பதால் வெயில் அறைச் சுவரைத் தொடுவதில்லை. மழை பெய்யும்போதும் கதவைத் திறந்து வைக்கலாம். மேற்கு வாசல்களில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நீர் தெளித்தார்கள். 1810இல் சென்னைக்கு வந்த மரியா கிரஹாம், இங்குள்ள வீடுகள் பெரும்பாலும் ஒரே தளம் கொண்டவை, சுண்ணம் பூசிய தூண்கள் தாங்கும் தாழ்வாரம் உடையவை என்று எழுதினார். புயல் வரும் கரையில் ஒரே தளத்தோடு நின்றது கஞ்சத்தனமாகத் தெரியவில்லை.

கூரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மெட்ராஸ் டெரஸ் என்று இன்றும் கட்டடக்காரர்கள் சொல்லும் முறை அது. தேக்கு உத்தரங்களின் மேல் சிறிய மெல்லிய செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, மூலைவாட்டாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கனத்த படுகை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, வரிசையாக உட்கார்ந்த ஆட்கள் மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டி அதை இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு. சுண்ணாம்பு வந்தது கடற்கரைக் கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு. எந்தத் துரைக்கும் இதை லண்டனில் யாரும் கற்பித்திருக்க முடியாது.

தூண்கள் கிரேக்க பாணியில்தானே இருந்தன என்று கேட்கலாம். இருந்தன. ஆனால் அந்தத் தூணைக் கீறிப் பார்த்தால் உள்ளே செங்கல். பளிங்கு போல மின்னியது முட்டை வெள்ளைக்கருவும் தயிரும் சேர்த்து அரைத்து, கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுண்ணம். வடிவம் கடன், உடம்பு உள்ளூர். இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. அந்தக் குளுமையில் ஒரு பங்கு கட்டடத்தினுடையதே அல்ல: பங்கா இழுத்தவர், தட்டி நனைத்தவர், கிணற்று நீர் சுமந்தவர் ஆகியோரின் உழைப்பு. இதை மறுக்க வழியில்லை, மறுக்கவும் கூடாது. இருந்தாலும் தாழ்வாரத்து நிழலையும் கடற்காற்று குறுக்கே ஓடிய கூடத்தையும் யாரும் இழுத்துக்கொண்டிருக்கவில்லை. இந்த வீடுகளிலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது கட்டடத்தின் அந்தப் பங்கு மட்டுமே.

என் வாதத்துக்கு மறுபக்கத்திலிருந்து ஒரு சான்றும் சைதாப்பேட்டையிலேயே கிடைக்கிறது. 1861 முதல் 1866 வரை ஆளுநராக இருந்த வில்லியம் டெனிசன் முயற்சியால் அங்கே அரசின் சோதனைப் பண்ணை தொடங்கியது. நீராவிக் கலப்பை உட்பட இங்கிலாந்துக் கருவிகள் கப்பலில் வந்தன. இரண்டு மாடும் சில காணி மானாவாரி நிலமும் வைத்திருந்த உழவருக்கு அவை எட்டாக்கனி. வாங்க முடிந்திருந்தாலும் பழுது பார்க்க ஊர்க் கொல்லருக்குத் தெரியாது. வீடு கட்டும்போது கொத்தனாரைக் கேட்டவர்கள் உழும்போது உழவரைக் கேட்கவில்லை. பண்ணை வீணாகவில்லை என்பார்கள், ஒருவகையில் உண்மையே. அதை ஒட்டி எழுந்த வேளாண் பள்ளி 1906இல் கோயம்புத்தூருக்குப் போய், இன்றைய வேளாண் பல்கலைக்கழகத்துக்கு வேராயிற்று. ஆனால் நிலைத்தது பள்ளிதானே தவிர நீராவிக் கலப்பை அல்ல. இந்திய உழவருக்குத் தொழில் தெரியாது என்ற எண்ணமே தவறு என்று இந்திய வேளாண்மையை ஆராய்ந்த வோல்க்கர் 1893இல் அறிக்கை எழுதிய பிறகுதான் அதிகாரிகளின் தொனியும் கொஞ்சம் இறங்கியது.

தோட்ட வீடுகளின் முடிவுக்குக் கட்டடம் காரணமல்ல. மேற்கே நுங்கம்பாக்கம் தொடங்கிச் சைதாப்பேட்டை வரை கிடந்த நீண்ட ஏரி 1920களில் வற்றடிக்கப்பட்டுத் தியாகராய நகராயிற்று, தோப்புகள் மனைகளாயின. பக்கத்திலேயே அடுத்த வீட்டுச் சுவர் எழுந்தபின் தாழ்வாரத்துக்குக் காற்று எங்கிருந்து வரும்?

இன்று அதே வெட்டவெளி கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் செங்கல்பட்டுப் பக்கத்துக்கும் நகர்ந்திருக்கிறது. அங்கே எழும் பண்ணை வீடுகள் பலவற்றில் மேற்கு வெயிலுக்கு ஆளுயரக் கண்ணாடி, மொட்டைக் கான்கிரீட், மீதிக்கு ஏசி. பழைய முறை கட்டுப்படியாகாது என்கிறார்கள். தேக்கு உத்தரக் கூரைக்கு அது பொருந்தும். தொழில் தெரிந்த ஆள் இல்லை என்பது பொருந்தாது: 2012இல் தீயில் எரிந்த சேப்பாக்கம் கலசா மகாலைப் பொதுப்பணித் துறை சுண்ணாம்பும் மெட்ராஸ் டெரஸும் கொண்டே மீட்டெடுத்தது. எப்படியும் மேற்கே ஒரு வரிசை வேம்பு வைக்கவும், தென்கிழக்கே அகன்ற தாழ்வாரம் இறக்கவும், தளத்தை இரண்டு படி கூட்டவும் தேக்கு தேவையில்லை. அந்த ஊர்க் கொத்தனாரை வரைபடம் முடிந்தபின் அழைக்காமல், அதற்கு முன்பே அழைத்துக் கேட்டால் போதும்.