வெள்ளுடை வேந்தரும் புளியந்தோப்புச் சாம்பலும்

பிட்டி தியாகராய செட்டியாரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு கும்பாபிஷேகக் கதையிலிருந்துதான் தொடங்குவார்கள். நாமும் அங்கிருந்தே தொடங்குவோம். சென்னையில் ஒரு பெரிய கோயிலின் குடமுழுக்குக்குச் செட்டியார் பத்தாயிரம் ரூபாய் கொடுத்தாராம். விழா நாளன்று மேடைமேல் ஏற அவரை விடவில்லை. அவரிடமே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த பார்ப்பனர் மேலே நின்றார். சம்பளம் கொடுத்தவர் கீழே நின்றார். எந்தக் கோயில் என்பது சொல்பவருக்குச் சொல்பவர் மாறுகிறது. சிலர் திருவல்லிக்கேணி என்பார்கள், சிலர் மயிலாப்பூர் என்பார்கள். பார்ப்பனரல்லாதார் இயக்கத்தின் பிறப்புக் கதை மாதிரி இது எண்பது தொண்ணூறு வருஷமாகச் சொல்லப்பட்டு வருகிறது.

கதை உண்மையாக இருக்கலாம். அதிலிருக்கிற அவமானம் உண்மைதான், அதை நாம் கேலி செய்ய வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வேறொரு ஆள் ஞாபகத்துக்கு வருவான். மேடைக்குக் கீழே நின்றவருக்கும் கீழே, மதிலுக்கு வெளியே, தேரோடும் வீதிக்கும் வெளியே நின்றவன். அந்தக் கோயில் தப்புக்குத் தோல் கொடுத்தவன். அவனுக்குப் பத்தாயிரம் ரூபாயும் கிடையாது, மேடையும் கிடையாது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள்ளேயே அவன் கால் வைத்தது 1939 ஜூலையில்தான். செட்டியாரின் கோபம் ஒரு கட்சியானது. இவன் கோபம் என்னவானது என்பதுதான் நம்முடைய கேள்வி.

1852இல் பிறந்தவர் தியாகராயர். தெலுங்கு பேசும் தேவாங்கச் செட்டி, அதாவது நெசவுச் சாதி. குடும்பத்துக்கு நெசவோடு தோல் பதனிடும் தொழிலும் இருந்தது. மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்த பிறகு அரசாங்க உத்தியோகம் தேடிப் போகாமல் வியாபாரத்துக்கு வந்தவர். வண்ணாரப்பேட்டையில் அவருடைய நெசவாலை இருந்தது. பறக்கும் நாடா போட்ட தறியை நெசவாளர்கள் சந்தேகத்தோடு பார்த்த காலத்தில் அதைத் தன் பட்டறையில் ஓட்டிக் காட்டியவர். 1909இல் தென்னிந்திய வர்த்தக சபை உருவானதில் முன்னின்றார். அதன் தலைவராகப் பல வருஷம் இருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை என்று எப்போதும் இருந்ததால் 'வெள்ளுடை வேந்தர்' என்று பேர் வந்தது.

தோல் என்றதும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். சென்னைத் தோல் வியாபாரத்தில் காசு பார்த்தவர்கள் பல சாதிக்காரர்கள், பல மதத்துக்காரர்கள். செத்த மாட்டை இழுத்துப்போய் உரித்தவன் மட்டும் ஒரே ஆள்தான். சரக்கு கிடங்குக்குள் வந்ததும் அதற்குத் தீட்டுப் போய்விடும். உரித்தவனுக்குப் போகாது.

1882இலிருந்து 1923 வரை தியாகராயர் சென்னை நகரசபையில் இருந்தார். நாற்பது வருஷம்! அந்த நகரசபையின் அதிகாரியல்லாத முதல் தலைவரும் அவர்தான். தெரு, விளக்கு, தண்ணீர், சாக்கடை என்று ஒவ்வொன்றுக்கும் வெள்ளைக்கார அதிகாரிகளோடு மல்லுக்கட்டியவர். பணக்காரருக்கு இது என்ன பொழுதுபோக்கு என்று நினைத்துவிடக் கூடாது, உழைத்திருக்கிறார். காங்கிரஸ் அனுதாபியாகவும் நெடுநாள் இருந்தார்.

1916இல் எல்லாம் திரும்பியது. டில்லி சட்டசபைக்கு நின்ற டாக்டர் டி.எம். நாயர், வி.எஸ். சீனிவாச சாஸ்திரியிடம் தோற்றார். அதே வருஷம் உள்ளூர்த் தேர்தலில் தியாகராயரும் தோற்றார். நவம்பர் 20ஆம் தேதி வேப்பேரியில் எத்திராஜ முதலியார் வீட்டில் கூடினார்கள். அங்கே பிறந்த 'தென்னிந்திய மக்கள் சங்கம்' ஒரு கூட்டுப்பங்குக் கம்பெனி என்பதைப் பலர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. பங்குகள் விற்று முதல் திரட்டி, இங்கிலீஷில் 'ஜஸ்டிஸ்', தமிழில் 'திராவிடன்', தெலுங்கில் 'ஆந்திரப் பிரகாசிகா' என்று மூன்று பத்திரிகை நடத்தினார்கள். வியாபாரி அரசியலுக்கு வந்தால் முதலில் கம்பெனிதானே ஆரம்பிப்பார்! இதில் தப்பில்லை. ஆனால் கம்பெனி என்றால் பங்குதாரர் யார், பங்கு வாங்க முடியாதவர் யார் என்ற கேள்வியும் கூடவே வரும்.

அந்த டிசம்பரில் தியாகராயர் கையெழுத்தோடு பார்ப்பனரல்லாதார் அறிக்கை வெளிவந்தது. மாகாணத்தின் நாலு கோடியே பதினைந்து லட்சம் மக்களில் நாலு கோடிக்குக் குறையாதவர்கள் பார்ப்பனரல்லாதார் என்று அது சொன்னது. அந்த நாலு கோடியில் நாம் இருந்தோமா? இருந்தோம். எண்ணும்போது இருந்தோம். சேரியைக் கழித்துவிட்டால் நாலு கோடி வராது. 1917 அக்டோபரில் ஸ்பர்டாங்க்கில் நாயர் பேசிய புகழ்பெற்ற பேச்சைக் கேட்கத் தாழ்த்தப்பட்ட மக்கள்தான் திரண்டு நின்றார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்தக் கணக்கின் மோசடியை முன்கூட்டியே பார்த்தவர் அயோத்திதாசப் பண்டிதர். 1907இல் அவர் தொடங்கிய 'தமிழன்' இதழில், பார்ப்பனர் உண்டாக்கிய சாதியாசாரத்தைக் கட்டிக்கொண்டு இருக்கிறவர்கள் தங்களைப் பார்ப்பனரல்லாதார் என்று சொல்லிக்கொள்வது எப்படிப் பொருந்தும் என்ற கேள்வியை எழுப்பினார். நீதிக்கட்சி பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னாடியே, 1914இல், பண்டிதர் இறந்துபோனார். நான் எம்.ஏ. தமிழ் படித்தபோது திராவிட இயக்கத்துக்கென்று ஒரு தாளே இருந்தது. அதில் பண்டிதர் பேர் ஒரு வரிகூட இல்லை.

1919 ஜூலையில் நாயர் லண்டனில் காலமானார். கட்சியின் முழு பாரமும் தியாகராயர் தலையில் விழுந்தது. 1920 நவம்பரில் இரட்டையாட்சியின் முதல் தேர்தல். காங்கிரஸ் ஒதுங்கி நிற்க, தேர்ந்தெடுக்கப்படும் 98 இடத்தில் 63ஐ நீதிக்கட்சி பிடித்தது. கவர்னர் வில்லிங்டன் கூப்பிட்டு முதல் மந்திரி பதவியை எடுத்துக்கொள்ளச் சொன்னபோது தியாகராயர் மறுத்துவிட்டார். சுப்பராயலு ரெட்டியார் பதவியேற்றார். 1921இல் அவர் விலகியதும் பனகல் ராஜா வந்தார். நாற்காலிக்கு அடித்துக்கொள்கிறவர்களையே பார்த்துப் பழகிய நமக்கு இந்த மறுப்பு பெரிசாகத்தான் தெரியும், பெரிசுதான். ஆனால் இன்னொன்றையும் பாருங்கள். ஓட்டு சொத்தும் வரியும் உள்ளவனுக்கு மட்டும். சேரிக்கு ஓட்டு இல்லாத குறைக்கு ஐந்து நியமன இடம். பறையர், பள்ளர், சக்கிலியர், மாலா, மாதிகா, செருமர், ஹொலையர் இன்னும் எல்லோருக்கும் சேர்த்து ஐந்து பேர்! அந்த ஐவரில் ஒருவராக வந்தவர் எம்.சி. ராஜா, பள்ளிக்கூட வாத்தியார்.

இப்போது பெரம்பூருக்கு வருவோம்.

பக்கிங்ஹாம் மில்லும் கர்நாடிக் மில்லும் பின்னி கம்பெனியுடையவை. சாதி இந்துக்கள், முஸ்லிம்கள், ஆதிதிராவிடர்கள், கிறித்துவர்கள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே கூரைக்கு அடியில் வேலை பார்த்தார்கள். கிராமத்துப் பண்ணையிலிருந்து தப்பி வந்த நம் ஆளுக்கு மில் சங்கு ஒரு விடுதலைச் சத்தம். அங்கே கூலி காசாகக் கிடைத்தது, 'டேய்' என்று கூப்பிட்டாலும் ஆண்டையின் வீட்டு வாசலில் நிற்க வேண்டியதில்லை. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது எல்லோரும் சேர்ந்துதான் நின்றார்கள்.

1921 ஜூனில் பக்கிங்ஹாம் மில்லில் வேலைநிறுத்தம் வந்தது. இந்தத் தடவை ஆதிதிராவிடத் தொழிலாளிகளில் பெரும்பகுதியினர் வெளியே நிற்கவில்லை. எம்.சி. ராஜாவும் வேலைக்குப் போகச் சொன்னார். கருங்காலிகள் என்று தொழிற்சங்க வரலாறு எழுதியது. நிர்வாகம் பிரித்தாண்டது என்றும் எழுதியது. நிர்வாகம் பிரிக்கப் பார்த்தது நிஜம், அதை நாம் மூடி மறைக்க வேண்டாம். ஆனால் பிரிப்பதற்குத் தோதாகக் கோடு ஏற்கனவே போட்டு வைத்திருந்தது யார்? மில்லில் பக்கத்துப் பக்கத்துத் தறியில் நின்றவர்கள் சாயங்காலம் ஆனதும் ஒருத்தன் தெருவுக்கும் ஒருத்தன் சேரிக்கும் போனார்கள். வேலைநிறுத்தம் நீண்டால் தெருக்காரனுக்குக் கடன் கொடுக்கக் கடைக்காரன் இருந்தான், ஊரில் ஒரு துண்டு நிலமாவது இருந்தது. சேரிக்காரன் ஏற்கனவே கழுத்து மட்டும் கடனில் இருந்தான். அவனுக்கு ஒரு வாரம் தாண்டினால் அடுப்பு எரியாது. இதைச் சங்கத் தலைவர்கள் யோசித்தார்களா? திரு.வி.க. மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.

ஜூன் கடைசியில் புளியந்தோப்பில் தீ வைத்தார்கள். ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. ஓலைக்குடிசை எரிய எவ்வளவு நேரம் ஆகும்? வீடு இழந்தவர்களை அரசாங்கம் வியாசர்பாடியில் முகாம் போட்டுத் தங்கவைத்தது. கலவரம் அதோடு நிற்கவில்லை. மாதக்கணக்கில் இரண்டு பக்கமும் அடிதடி நடந்தது. ஆகஸ்ட் 29இல் போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் செத்தார்கள். செத்தவர்களும் ஏழைகள்தான். அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்று முடிந்தது.

அப்போது மாகாணத்தில் மந்திரிகள் நீதிக்கட்சிக்காரர்கள். நகரசபைத் தலைவர் தியாகராயர், கட்சித் தலைவரும் அவரே. போலீஸ் மட்டும் கவர்னரின் நிர்வாக சபை கையில் இருந்தது. ஆகவே மந்திரிசபையில் உட்கார்ந்துகொண்டே அரசாங்கத்தைத் திட்டவும் வசதி இருந்தது. திட்டினார்கள். எதற்காக? குடிசை எரிந்ததற்காக அல்ல. தொழிலாளர் இலாகா ஆதிதிராவிடர்களுக்குச் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறது, கலகத்துக்கு அதுதான் காரணம் என்று கட்சித் தலைமை சொன்னது. அக்டோபரில் ஓ. தணிகாசலம் செட்டியார் சட்டசபையில் ஒத்திவைப்புத் தீர்மானம் கொண்டுவந்தபோது குற்றச்சாட்டு போலீஸ் மீதும் அதன் ஆதிதிராவிடச் சார்பு மீதும்தான் திரும்பியது.

செல்லம்! தாழ்த்தப்பட்டவர்களுக்காக அந்த இலாகா செய்தது என்ன? கொஞ்சம் வீட்டுமனை, சில பள்ளிக்கூடம், சில கிணறு, கூட்டுறவுக் கடன். அதற்கு இந்தப் பேர். நம் காலத்தில் 'சலுகை' என்று சொல்கிறார்களே, அதன் தாத்தா இந்த வார்த்தை.

தியாகராயர் தனிப்பட்ட முறையில் கெட்ட மனிதர் என்று நான் வாதாட வரவில்லை. அவர் தலைமையில் நடந்த நகரசபை 1920 நவம்பரில் ஒரு காரியம் செய்தது. ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேற்போகாமல் டிபன் கொடுப்பது என்று தீர்மானம் போட்டது. படிக்கிற பிள்ளைகள் ஏழைகள், பசியால் பள்ளிக்கூடத்தில் எண்ணிக்கை குறைகிறது என்பது தியாகராயர் சொன்ன காரணம். பிறகு வேறு சில பள்ளிக்கூடங்களுக்கும் அது போனது. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து செலவழிக்கக் கூடாது என்று அரசாங்கம் தடுத்ததால் 1925இல் நின்றது. இந்த நாட்டில் பள்ளிக்கூடத்துச் சோற்றின் கதையை எழுதினால் முதல் வரி அங்கேதான். தட்டைக் கையில் பிடித்து நின்று படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்த வகையில் செட்டியாருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அப்படியானால் 1920இல் பசித்த பிள்ளையைப் பார்த்த கண், 1921இல் எரிந்த குடிசையை ஏன் பார்க்கவில்லை? நான் யோசித்த அளவில் விடை இதுதான். பசித்த பிள்ளை கை நீட்டுகிறது; அதற்குக் கொடுக்கலாம், கொடுப்பவன் மேலேயே இருக்கலாம். புளியந்தோப்பு ஆள் கை நீட்டவில்லை. உங்கள் வேலைநிறுத்தத்தில் நான் பட்டினி கிடக்க மாட்டேன் என்று தனியாக ஒரு முடிவெடுத்தான், தனக்கென்று ஒரு தலைவரை வைத்துக்கொண்டான். தர்மத்துக்கும் பங்குக்கும் உள்ள வித்தியாசம் வியாபாரிக்குத் தெரியாதா என்ன? இன்னொன்று, சென்னையில் கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்கள் தெருவில் இருந்தார்கள், சேரியில் இல்லை.

1922இல் ராஜா சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தால் பறையர், பஞ்சமர் என்ற பேர்கள் அரசாங்கக் காகிதத்திலிருந்து போய் ஆதிதிராவிடர், ஆதிஆந்திரர் என்ற பேர்கள் வந்தன. 1923இல் அவர் நீதிக்கட்சியை விட்டு வெளியேறினார். 'துரோகி' என்றார்கள். பின்னாளில் அவர் அம்பேத்கரை எதிர்த்து மூஞ்சேயோடு ஒப்பந்தம் போட்டது, கூட்டுத் தொகுதிக்குப் போனது எல்லாம் தனிக் கதை. அங்கே நான் அவர் பக்கம் இல்லை. ஆனால் 1923இல் அவர் எடுத்து வைத்த அடி சரியான அடி. நாலு கோடி என்ற கணக்கிலிருந்து நம்மைக் கழித்துக் காட்டிய முதல் ஆள்களில் அவர் ஒருத்தர்.

தியாகராயர் 1925 ஏப்ரல் 28இல் காலமானார். மாம்பலத்தில் அப்போது உருவாகிக்கொண்டிருந்த புதிய குடியிருப்புக்கு அவர் பேரை வைத்தார்கள், தி.நகர். நடுவில் இருக்கும் பூங்கா பனகல் பேரில். ரிப்பன் கட்டடத்தில் அவர் சிலை இருக்கிறது. எம்.சி. ராஜா பேரில் சைதாப்பேட்டையில் ஒரு விடுதி இருக்கிறது, நம் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற விடுதி. வகுப்புவாரி ஆணை 1927இல் நடைமுறைக்கு வந்தபோது பன்னிரண்டு வேலையில் ஐந்து பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு, பார்ப்பனருக்கு இரண்டு, முஸ்லிமுக்கு இரண்டு, கிறித்துவரும் ஆங்கிலோ இந்தியரும் சேர்ந்து இரண்டு. ஒடுக்கப்பட்டோருக்கு ஒன்று.