மாரிஸ் குடும்பமும் செயின்ட் ஆண்ட்ரூசின் கோல்ஃப் ஆட்டமும்

கோல்ஃப் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது வேலியிட்ட கிளப், உறுப்பினர் கட்டணம், ஓய்வுபெற்ற அதிகாரிகள். குழிப்பந்தாட்டம் என்ற தமிழ்ப்பெயர் இருந்தும் புழக்கத்தில் நிற்காததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இந்த ஆட்டம் பிறந்து வளர்ந்த ஸ்காட்லாந்தில் அதன் கதை வேறு. அங்கே அது கடலோரப் புறம்போக்கில் ஆடு மேய்ப்பவரும் வலை உலர்த்துபவரும் துணி வெளுப்பவரும் நடமாடும் மணல்மேட்டில் ஆடப்பட்டது. தந்தையிடமிருந்து மகனுக்கும், அண்ணனிடமிருந்து தம்பிக்கும் கைமாறிய வீட்டுத்தொழிலாகவும் இருந்தது. அதற்கு மிகத் தெளிவான சான்று செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரின் மாரிஸ் குடும்பம். ஒரு குடும்பம் சேர்ந்து ஆடியதன் மகிழ்ச்சியும் அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் இவர்கள் வாழ்க்கையில் சேர்ந்தே கிடக்கின்றன.

பின்புலம்

1457இல் ஸ்காட்லாந்து மன்றம் கால்பந்தையும் கோல்ஃபையும் தடைசெய்தது. வில்வித்தைப் பயிற்சி கெடுகிறது என்பது காரணம். தடை போட வேண்டிய அளவுக்கு ஆட்டம் பரவியிருந்தது என்பதுதான் இதிலிருந்து நமக்குத் தெரியும் செய்தி. மசல்பரோ ஊரின் மீனவப் பெண்கள் 1811 புத்தாண்டில் ஆடுவதற்கு அங்கிருந்த கோல்ஃப் சங்கம் பரிசு அறிவித்தது. பரிசுப்பொருள் மீன்கூடையும் பட்டுக் கைக்குட்டைகளும். பெண்கள் கோல்ஃப் போட்டி பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் இது ஒன்று. சீமாட்டிகளைப் பற்றிய குறிப்பு அல்ல, கூடை சுமந்தவர்களைப் பற்றியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தந்தை

தாம் மாரிஸ் 1821 ஜூன் 16 அன்று செயின்ட் ஆண்ட்ரூசில் பிறந்தார். ஆலன் ராபர்ட்சன் என்பவரிடம் பந்து செய்யும் தொழில் பழகினார். அக்காலத்துப் பந்து, தோல் உறைக்குள் வேகவைத்த இறகுகளைத் திணித்துத் தைக்கப்பட்டது. ஒரு தொப்பி நிறைய இறகு ஒரு பந்துக்குள் போகும் என்பார்கள். ஒருவர் நாளொன்றுக்குச் சில பந்துகளே செய்ய முடியும், ஆகவே விலை அதிகம். 1840களின் இறுதியில் மலாயாப் பக்கத்து மரங்களின் பாலிலிருந்து செய்த கட்டாபெர்ச்சா பந்து வந்தது. மலிவானது, நெடுநாள் உழைத்தது. எளியவர்கள் குடும்பத்தோடு ஆட வழிதிறந்தது இந்தப் பந்துதான் என்று சொல்லலாம். ராபர்ட்சனுக்கோ அது தொழிலுக்கு வந்த எமன். புதிய பந்தில் மாரிஸ் ஆடியதைப் பார்த்ததும் இருவருக்கும் பிணக்கு ஏற்பட்டு மாரிஸ் விலகினார்.

1851இல் மேற்குக் கரையிலுள்ள பிரெஸ்ட்விக் சங்கம் அவரை ஆடுகளப் பராமரிப்பாளராக அமர்த்தியது. மனைவி ஆக்னசும் கைக்குழந்தையுமாக அங்கே குடிபெயர்ந்தார். முதல் மகன் டாமி நான்கு வயதில் முந்தைய ஆண்டு இறந்திருந்தான். 1851 ஏப்ரல் 20 அன்று பிறந்த அடுத்த மகனுக்கு அதே பெயரையே வைத்தார்கள். பின்னாளில் உலகம் இவரை இளைய தாம் என்றும் தந்தையை மூத்த தாம் என்றும் அழைத்தது. எலிசபெத், ஜேம்ஸ், ஜான் என்ற பிள்ளைகளும் பிறந்தனர். ஜானுக்குக் கால்கள் இயங்கவில்லை. ஆடமுடியாத அவர் தந்தையின் பட்டறையில் மட்டைகளுக்கு மெருகேற்றும் வேலை செய்தார்.

1860இல் பிரெஸ்ட்விக்கில் முதல் ஓப்பன் போட்டி நடந்தது. ஆடியவர்கள் எட்டே பேர். பன்னிரண்டு குழிக் களத்தை ஒரே நாளில் மூன்று முறை சுற்றினார்கள். வில்லி பார்க் 174 அடிகளில் வென்றார், மாரிஸ் 176 அடிகளில் இரண்டாவதாக வந்தார். பிறகு 1861, 1862, 1864, 1867 ஆண்டுகளில் மாரிஸ் வென்றார். 1862இல் 13 அடி வித்தியாசம். பெரும்போட்டிகளில் இந்த வித்தியாசத்தை 2000இல்தான் டைகர் வுட்ஸ் முறியடித்தார். 1867இல் அவருக்கு வயது 46. ஓப்பனை வென்றவர்களில் அதிக வயதுடையவர் இன்றும் அவரே.

மகன்

இளைய தாம் களத்திலேயே வளர்ந்தவர். அதே சமயம் ஏர் நகரப் பள்ளியில் செல்வந்தர் பிள்ளைகளோடு படிக்கவும் வைக்கப்பட்டார். தந்தைக்குக் கனவான்களிடம் தொப்பியைக் கழற்றும் பழக்கம். மகனுக்கு அது இல்லை. தன் ஆட்டத்துக்குரிய கூலியைக் கேட்டு வாங்கினார். குடும்பத்துக்குள் இரண்டு தலைமுறையின் வேறுபாடு இங்கே தெரிகிறது.

1868இல் 17 வயதில் ஓப்பனை வென்றார். 1869இலும் 1870இலும் அவரே. இந்த வரிசையின் தொடக்கத்தில் ஒருமுறை முதலிடம் மகனுக்கும் இரண்டாமிடம் தந்தைக்கும் போயிற்று. அதற்குப் பின் அப்படி ஒன்று அந்தப் போட்டியில் நிகழவில்லை. பரிசாகத் தரப்பட்டது வெள்ளி பதித்த சிவப்புத் தோல் இடைவார். மூன்றுமுறை தொடர்ந்து வென்றால் அது வென்றவருக்கே சொந்தம் என்பது விதி. 1870இல் இடைவார் மாரிஸ் வீட்டுக்குப் போய்விட்டது. பரிசில்லாததால் 1871இல் போட்டியே நடக்கவில்லை! 1872இல் மூன்று சங்கங்கள் பணம் போட்டுப் புதிய வெள்ளிக் குடுவைக்கு ஏற்பாடு செய்தன. அதையும் இளைய தாமே வென்றார். அந்தக் குடுவையில் பொறித்த முதல் பெயர் அவருடையது.

இதற்கிடையில் செயின்ட் ஆண்ட்ரூசின் கோல்ஃப் சங்கம் ஆண்டுக்கு 50 பவுண்டு சம்பளத்தில் மூத்த தாமைத் திரும்ப அழைத்துக்கொண்டது. பழைய களத்தின் பதினெட்டாம் குழிக்கு அருகிலேயே கடையும் வீடும் அமைந்தன.

இருவர், ஒரு பந்து

அக்காலத்தில் மக்கள் திரண்டு பார்த்தது ஓப்பனை அல்ல, பந்தயத் தொகை வைத்து நடந்த இணையாட்டத்தை. ஃபோர்சம் எனப்படும் இதில் இருவர் ஓர் அணி. அணிக்கு ஒரே பந்து, மாற்றி மாற்றி அடிக்கவேண்டும். ஒருவர் பிழைசெய்தால் அடுத்தவர் அதிலிருந்து ஆடவேண்டும். குடும்பத்தினர் சேர்ந்து ஆட இதைவிடப் பொருத்தமான வடிவம் கோல்ஃபில் இல்லை, சண்டைக்கும் இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. மூத்த தாம் நெடுந்தொலைவு அடிப்பதில் தேர்ந்தவர், குழிக்கருகில் கோட்டைவிடுபவர். 'கிட்டத்துக் குழியைத் தவறவிடுபவர்' என்று மட்டும் முகவரியிட்ட கடிதத்தைத் தபால்காரர் நேராக அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்ததாக ஒரு கதை உண்டு. குழி ஒரு கஜம் முன்னால் இருந்தால் அப்பா நன்றாகவே ஆடுவார் என்று மகன் கேலிசெய்வாராம். தந்தை விட்டதை மகன் சரிசெய்தார். எதிர்த்தரப்பில் பெரும்பாலும் மசல்பரோவின் பார்க் சகோதரர்கள் வில்லியும் மங்கோவும். அதுவும் ஓப்பன் வென்ற குடும்பமே. வில்லியின் மகனும் பின்னாளில் இருமுறை வென்றார்.

1875

1874 நவம்பரில் இளைய தாம் மார்கரெட் டிரினனை மணந்தார். மறு செப்டம்பர் தொடக்கத்தில் மார்கரெட் நிறைமாதமாக இருந்தபோது, தந்தையும் மகனும் ஃபோர்த் கழிமுகத்துக்கு அப்பாலுள்ள நார்த் பெரிக்கில் பார்க் சகோதரர்களை எதிர்த்து ஆடினர். ஆட்டம் முடியும் தறுவாயில் தந்தி வந்தது. மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது, உடனே வரவும். ஆட்டத்தை முடித்து வென்றார்கள். ஃபோர்த் ரயில்பாலம் 1890இல்தான் திறக்கப்பட்டது. ரயிலில் சுற்றிப் போனால் நேரமாகும் என்று ஒருவர் தன் பாய்மரப்படகைக் கொடுத்தார். வீடு சேர்ந்தபோது தாயும் சேயும் இறந்திருந்தனர்.

அதன்பின் இளைய தாம் ஆடியது குறைவு. நவம்பர் இறுதியில் நண்பர்களின் வற்புறுத்தலால் மோல்ஸ்வொர்த் என்ற ஆங்கிலேயருடன் ஆறு நாள் நெடும்போட்டி ஆடினார். பனி கொட்டியது, குழிகளைச் சுற்றிப் பனியைக் கூட்டித் தள்ளி ஆடினார்கள். வென்றார். ஆனால் கிறிஸ்துமஸ் காலையில் படுக்கையிலேயே இறந்துகிடந்தார். வயது 24. நுரையீரலில் இரத்தக்குழாய் வெடித்தது மருத்துவக் காரணம். ஊர் அதை மனமுடைந்த சாவு என்றது. மனமுடைந்து சாகமுடியுமென்றால் நான் இங்கே இருந்திருக்க மாட்டேனே என்று தந்தை சொன்னதாகக் கூறுவர். இந்தச் சோகத்தைக் காவியமாக்கும் எழுத்துகள் ஏராளம். அவற்றில் பெரும்பாலும் மார்கரெட் ஒரு தந்திச் செய்தியாக மட்டுமே வருகிறார் என்பது குறை.

இமாலயம்

ஆக்னஸ் 1876இல் இறந்தார். மூத்த தாம் தன் பிள்ளைகள் அனைவரையும் பறிகொடுத்துவிட்டு 1908 மே 24 வரை வாழ்ந்தார். நகரத்துக்கு அவர் விட்டுச்சென்றவற்றுள் ஒன்று ஓப்பனைவிடக் குடும்பங்களுக்கு நெருக்கமானது. 1867இல் செயின்ட் ஆண்ட்ரூசில் பெண்கள் சங்கம் தொடங்கியது. தோளுக்கு மேல் கையை உயர்த்தி மட்டையை வீசுவது பெண்களுக்கு அழகல்ல என்று கருதிய காலம். எனவே அவர்களுக்குக் கிடைத்தது தரையோடு பந்தை உருட்டும் ஆட்டம் மட்டுமே. அதற்கான களத்தை மூத்த தாம் அமைத்தார். கட்டுப்பாட்டில் பிறந்த இடம்தான். ஆனாலும் மேடும் பள்ளமுமாக அலையடிக்கும் அந்தப் புல்வெளி, பெரிய களத்தைவிட வேடிக்கையானதாக அமைந்துவிட்டது. அதன் பெயர் இமாலயம்.

பெண்கள் சங்கம் இன்றும் அங்கே இயங்குகிறது. மற்ற நேரங்களில் யாரும் சில பவுண்டு கொடுத்து மட்டையும் பந்தும் வாங்கிக்கொண்டு ஆடலாம். தாத்தாவும் பேத்தியும் ஆடினால் தாத்தா வெல்வார் என்று சொல்லமுடியாது. பந்து மேட்டில் ஏறி உருண்டு அடித்தவர் காலடிக்கே திரும்பி வரும். பக்கத்திலுள்ள பழைய களத்துக்கு வழக்கமாக ஞாயிறு விடுமுறை. ஆடுபவர்களுக்கு ஓய்வு தேவையில்லை என்றாலும் களத்துக்குத் தேவை என்பது மூத்த தாமின் வாதம். அன்று உலகப் புகழ்பெற்ற அந்தப் புல்தரையில் ஊர்க்காரர்கள் குழந்தைவண்டியைத் தள்ளிக்கொண்டு, நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள். மூத்த தாமின் கடை இருந்த கட்டடம் பதினெட்டாம் குழியருகே இன்னும் நிற்கிறது.