இளையராஜாவின் இரண்டு ஒலிநாடாக்கள்



எண்பதுகளின் இறுதியில், நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், அண்டை வீட்டு அண்ணன்மார் இருவர் ஓயாது வழக்காடுவர். டெஃப் லெப்பர்டு குழுவின் 'பைரோமேனியா' (1983) சிறந்ததா, 'ஹிஸ்டீரியா' (1987) சிறந்ததா என்பதே வழக்கு. அந்த வன்மையான கிட்டார் இசை எனக்கு அன்றும் பிடிபடவில்லை, இன்றும் பிடிபடவில்லை. ஆயினும் இரு தொகுப்புகளை அருகருகே வைத்துக் கேட்கும் பழக்கம் அவர்களிடமிருந்தே தொற்றியது. எங்கள் வீட்டில் அதற்கு வாய்த்தவை இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986), 'நத்திங் பட் விண்ட்' (1988) ஆகிய இரண்டும்.

முதலாவதை அப்பா சிராங்கூன் சாலையில், ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்குப் போய்த் திரும்பும் வழியில் வாங்கினார். 'மௌன ராகம்', 'புன்னகை மன்னன்' வெளிவந்த ஆண்டு அது. இளையராஜா பெயரைக் கண்டதும் திரைப்பாடல்கள் என்றே எண்ணிவிட்டார். ஒலிநாடா ஒரு பக்கம் முழுவதும் ஓடி முடிந்தது. பாடுவதற்கு ஒருவரும் வரவில்லை. "பாட்டு எங்கே?" என்றார். பகுதிகளின் பெயர்களும் ஆங்கிலத்தில் இருந்தன. தமிழாசிரியராகிவிட்ட எனக்கு அவருடைய கேள்வி இன்றும் பொருளுடையதாகவே படுகிறது. சொல்லே இல்லாத ஓர் இசையை எந்த உரிமையில் நாம் நம்முடையது என்கிறோம்?

இத்தொகுப்பைத் தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் இளையராஜா காணிக்கையாக்கினார். பாக் மறைந்தது 1750-இல். தியாகராஜர் பிறந்தது 1767-இல். வாழ்வில் சந்தித்திருக்க இயலாத இருவரையும் ஓரிடத்தில் அமர்த்திப் பேச வைப்பதே அவர் செய்த வேலை. 'மேட் மாட் மூட் ஃபியூக்' என்னும் பகுதியைக் கேளுங்கள். ஃபியூக் என்பது பாக்கின் கைவந்த வடிவம். ஒரு குரல் ஒரு சொற்றொடரைத் தொடங்கும். அது முடிந்ததும் மற்றொரு குரல் அதையே வேறு சுருதியிலிருந்து எடுத்துக்கொள்ளும். முதற்குரலோ நிறுத்தாமல் வேறொன்றைப் பேசிக்கொண்டிருக்கும். நம் வகுப்பறைகளில் இது நாள்தோறும் நடப்பதுதான், ஒழுங்கு மட்டுமே வேறு!

'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' இன்னும் துணிச்சலானது. பாக்கின் மூன்றாம் வயலின் பார்ட்டிட்டாவின் தொடக்கம் இடைவிடாது ஓட, அதனோடு நம் கமகங்கள் இழைகின்றன. வி.எஸ். நரசிம்மனின் வயலின் இத்தொகுப்பின் உயிர். வயலின் நமக்கு அயலாரிடமிருந்து வந்த கருவி என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786-1859) அதைக் கருநாடக இசைக்குக் கொண்டுவந்தவர்களில் முதல்வராகக் கருதப்படுகிறார். நின்று வாசித்த கருவியைத் தரையில் அமர்ந்து, அதன் தலையைப் பாதத்தில் ஊன்றி வாசிக்கத் தலைப்பட்டோம். ஆகவே இந்தச் சந்திப்பு 1986-இல் தொடங்கியதன்று.

இரண்டாவது தொகுப்பில் இந்தப் பிணக்கும் இணக்கமும் இல்லை. ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலும் ஐம்பது கலைஞர் கொண்ட குழுவும். காற்றைப் போலவே இசையும் இயற்கையானது, தென்றலாகவும் புயலாகவும் வீசக்கூடியது என்பதே கருத்து. 'கம்போசர்ஸ் ப்ரெத்' போன்ற பகுதிகளை இரவில் கேட்டால் மனம் அடங்கும். ஒலிப்பதிவும் முன்னதைவிட அகலமாகக் காதில் விழுகிறது. எனினும் என் செவிக்கு இங்கே குழல்தான் பேசுகிறது. ஏனையோர் பெரும்பாலும் வழிவிட்டு நிற்கின்றனர். எவரும் எவரையும் மறுத்துப் பேசுவதில்லை. அழகில் இது குறைவில்லை. ஆனால் முதல் தொகுப்பே பெரிது என்பேன். (அதில் ஒரு பகுதிக்கு 'டோன்ட் கம்பேர்', அதாவது ஒப்பிடாதே, என்று பெயர். இளையராஜா மன்னிக்க!)

அப்பாவின் மனத்தை மாற்றியது பாலு மகேந்திராவின் 'வீடு' (1988). பாடல்களே இல்லாத அப்படத்திற்கு முதல் தொகுப்பின் இசையே பின்னணியாயிற்று. கட்டி முடிக்க இயலாத வீட்டைப் பெரியவர் தனியே காண வரும் காட்சியில் அப்பா எழுந்து அமர்ந்தார். "இது நம்ம கேசட்டாச்சே!" என்றார். பாட்டு எங்கே என்று அதன்பின் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். பள்ளி இசைக்குழுவில் நின்றுகொண்டு வயலின் வாசிப்பாள். வார இறுதியில் தரையில் அமர்ந்து கருநாடக வயலின் பயில்வாள். இரண்டையும் குழப்பிக்கொள்வாளோ என்று அவள் தாயாருக்குக் கவலை. ஓய்வு நேரத்தில் பாக்கைச் சந்தித்த அந்தப் பகுதியை ஒலிக்கவிட்டேன். சிறிது நேரம் கேட்டவள், "டீச்சர், இவர் உட்கார்ந்து வாசிக்கிறாரா, நின்னு வாசிக்கிறாரா?" என்றாள். எனக்கு விடை தெரியவில்லை. மறுமுறை போடச் சொன்னாள்; போட்டேன்.