ஓதிக்கொடுப்போரின் நலம்: பக்தாத் மதரஸாக்கள் தரும் படிப்பினை

பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் பணியாற்றுவோரின் உடல்நலம், மனநலம் குறித்து இன்று அதிகம் பேசப்படுகிறது. இது நமக்குத் தொடர்பில்லாத புதுப்பேச்சு என்று நம்மில் சிலர் எண்ணுகின்றனர். வேறு சிலரோ, தவக்குல் உள்ளவருக்கு மனச்சோர்வு ஏது என்று கேட்டு அதனைத் தள்ளிவிடுகின்றனர். இவ்விரு எண்ணங்களும் தவறு என்பதற்கு நம் வரலாறே சான்று. பக்தாத் நகரின் இரண்டு கல்விக்கூடங்களைப் பார்த்தாலே போதும்.

செல்ஜூக் ஆட்சியின் அமைச்சர் நிஜாமுல் முல்க் நிறுவிய நிஜாமிய்யா மதரஸா, ஹிஜ்ரி 459இல் (கி.பி. 1067) பக்தாதில் திறக்கப்பட்டது. மதரஸாக்கள் அதற்கு முன்பும் இருந்தன. ஆயினும் ஆசிரியருக்கு ஊதியம், மாணவருக்கு உதவித்தொகை, அனைத்துக்கும் வக்ஃபு வருமானம் என்னும் ஏற்பாடு இங்கே பெரிய அளவில் நிலைபெற்றது. வக்ஃபு செய்தவர் விதித்த நிபந்தனையை முதவல்லி தம் விருப்பம்போல் மாற்றலாகாது என்பது ஃபிக்ஹு விதி. ஆகவே ஓதிக்கொடுப்பவரின் பிழைப்பு நிர்வாகியின் அன்றைய மனநிலையை நம்பியிருக்க வேண்டியதில்லை. அது அவருக்குரிய உரிமையாக எழுதி வைக்கப்பட்டது.

ஹிஜ்ரி 484இல் (கி.பி. 1091) இம்மதரஸாவின் தலைமை ஆசிரியராக இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் அமர்த்தப்பட்டார்கள். அப்போது அவர்களுக்கு வயது முப்பத்துச் சொச்சம். 300 மாணவர்கள் அவர்களிடம் பாடம் கேட்டனர். அரசவையில் செல்வாக்கும் மக்களிடம் பெரும் மதிப்பும் இருந்தன. எந்தக் குறையும் இல்லாத வாழ்வு என்றே எவரும் கூறியிருப்பர்.

ஆனால் ஹிஜ்ரி 488 ரஜபில் தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதங்கள் இமாமவர்களின் உள்ளத்தில் ஒரு போராட்டம் நிகழ்ந்தது. தமது ஓதிக்கொடுப்பு அல்லாஹ்வுக்காகவா, பெயருக்காகவா என்ற கேள்வி அவர்களை வாட்டியது. ஒரு நாள் நாவே எழவில்லை. மாணவர்களுக்காகவேனும் பாடம் நடத்த முயன்றார்கள். ஒரு சொல்லும் வரவில்லை. உணவு இறங்கவில்லை, உடல் மெலிந்தது. நோயின் வேர் உள்ளத்தில் இருக்கிறது, அங்கே அமைதி பிறக்காமல் மருந்து பயன் தராது என்று மருத்துவர்கள் கைவிட்டனர். இவை யாவற்றையும் இமாமவர்களே ‘அல்முன்கித் மினள் ளலால்’ என்னும் நூலில் ஒளிக்காமல் பதிவு செய்துள்ளார்கள்.

இமாமவர்களின் நிலையை வெறும் வேலைப்பளு என்று நாம் சுருக்கிவிடலாகாது; அது இக்லாஸைத் தேடிய ஆன்மாவின் தவிப்பு. எனினும் ஓர் உண்மை இங்கே தெளிவாகிறது. ஊதியமும் பதவியும் நிறைவாக இருந்தும் ஓர் ஆசிரியர் உள்ளே உடைந்துபோகலாம். அவர் ஈமானில் குறைந்தவராக இருக்கவேண்டும் என்பதில்லை.

இதை எழுதும்போது நம் நெஞ்சு குறுகுறுக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் நம்முடன் ஓதிக்கொடுத்த உஸ்தாத் ஒருவர், கிதாபைத் திறந்து வைத்துக்கொண்டு பேச இயலாமல் அமர்ந்திருந்தார். மறுவாரம் ஊருக்குத் திரும்பிவிட்டார். அவருக்கு ஈமானில் ஏதோ குறை என்று பேசியவர்களில் நாமும் இருந்தோம். இமாமவர்களின் நூலை மாணவர்களிடம் புகழ்ந்துவிட்டு, பக்கத்து அறையில் இருந்தவரை நாம் விசாரிக்கவில்லை.

இமாமவர்கள் பக்தாதை விட்டுப் புறப்பட்டபோது, அவர்களின் சகோதரர் அஹ்மத் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் அப்பொறுப்பை ஏற்றுப் பாடம் நடத்தினார்கள். வகுப்பு நின்றுவிடவில்லை. விலகியிருந்த காலத்தில்தான் ‘இஹ்யா உலூமித்தீன்’ நமக்குக் கிடைத்தது. ஹிஜ்ரி 499இல் (கி.பி. 1106) நைஸாபூரின் நிஜாமிய்யாவில் இமாமவர்கள் மீண்டும் ஓதிக்கொடுக்க அமர்ந்தார்கள். இடையில் 11 ஆண்டுகள் கடந்திருந்தன.

இரண்டாவது கல்விக்கூடம், கலீஃபா முஸ்தன்ஸிர் பில்லாஹ் திஜ்லா நதிக்கரையில் எழுப்பிய முஸ்தன்ஸிரிய்யா. ஹிஜ்ரி 631 ரஜபில் (கி.பி. 1234) அது திறக்கப்பட்டது. நான்கு மத்ஹபுகளுக்கும் தலா 62 மாணவர்கள், ஆக 248 பேர். அங்கே சமையற்கூடமும் குளியலறையும் நூலகமும் இருந்தன. நோயுற்றோரைக் கவனிக்க மருத்துவர் ஒருவரும் அமர்த்தப்பட்டிருந்தார். கி.பி. 1327இல் பக்தாத் வந்த இப்னு பதூதா, ஆசிரியரின் வலமும் இடமும் அமர்ந்து அவர் கூறுவதைத் திருப்பிச் சொல்லும் இரு ‘முஈது’களைப் பற்றி எழுதுகிறார். அதாவது, பாடத்தின் சுமை ஒரே நாவின் மீது ஏற்றப்படவில்லை. அக்கட்டடம் இன்றும் பக்தாதில் நிற்கிறது.

பணியாளர் மீது அவர்களது சக்திக்கு மீறிய சுமையை ஏற்றாதீர்கள், ஏற்றினால் நீங்களும் கைகொடுங்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. முஸ்தன்ஸிரிய்யாவின் முஈதும் மருத்துவரும் சமையற்கூடமும் அப்போதனை கல்விக்கூடத்தில் எடுத்த வடிவங்கள் என்றே நாம் காண்கிறோம். நல்ல மனம் படைத்த நிர்வாகி ஒருவர் இருந்தால் போதும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை; அதற்கெனப் பொருளும் ஆளும் ஒதுக்கினார்கள்.

எனவே பல்கலைக்கழகமானாலும் நம் மதரஸாவானாலும் நிர்வாகத்தினர் சிலவற்றை எழுத்தில் கொண்டுவர வேண்டும். ஊதியம் உரிய நாளில் கிடைக்கட்டும். உஸ்தாத் நோயுற்றால் அவர் இடத்தில் அமர ஒருவர் முன்கூட்டியே குறிக்கப்படட்டும். ஓய்ந்துபோனவர் விலகியிருந்து மீண்டும் வர வழி இருக்கட்டும். காவலாளியும் சமையற்காரரும் துப்புரவுப் பணியாளரும் இதில் விடுபடாதிருக்கட்டும். உடன் பணியாற்றும் நமக்கும் ஒரு கடமை உண்டு: ஒருவர் மௌனமாகிவிட்டால், தீர்ப்புச் சொல்வதற்கு முன் அவரது அறைக் கதவைத் தட்டி, ஸலாம் கூறி, நலம் விசாரிக்க வேண்டும்.

நாம் விசாரிக்கத் தவறிய உஸ்தாதுக்கு அல்லாஹ் ஆஃபியத்தை வழங்குவானாக! நம் பிழையைப் பொறுத்து, எஞ்சியிருப்போரையேனும் பேணிக்கொள்ள நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.