மருத்துவ ஆராய்ச்சி வரலாற்றில் உறுப்பிறக்கம்

மேனாட்டு மருத்துவர் 'புறொலாப்ஸ்' என வழங்குஞ் சொல் இலத்தீன் மொழியினின்றும் வந்தது. முன்னே வழுக்கி விழுதல் என்பது அதன் பொருள். இறக்கம், சரிவு, பிதுக்கம், தள்ளல் எனப் பல சொற்களால் நாம் அதனைக் குறிக்கின்றோம். கருப்பை, மலக்குடல், முள்ளந்தண்டின் இடைத்தட்டு, இருதய வால்வு ஆகிய நான்குக்கும் அவர்கள் இவ்வொரு சொல்லையே வழங்கி வருதல் கருதத்தக்கது. இவ்வுறுப்புகள் அமைப்பானும் தொழிலானும் தம்முள் உறவில்லாதன. எனினும், பெயர் ஒன்றாகவே எண்ணமும் ஒன்றாயிற்று. ஓர் உறுப்பு தன் இடத்தினின்றும் நகர்ந்திருப்பின் நோயாளியின் துன்பத்துக்கு அதுவே காரணம். அதனைப் பழைய இடத்தில் நிறுத்திவிட்டால் துன்பம் ஒழியும் என்பதே அவ்வெண்ணம். அது எத்துணை மெய் என்பதை ஆராய்ச்சியாளர் படிப்படியாக அறிந்த வரலாற்றை ஈண்டு ஆராய்வோம். யான் மருத்துவனல்லேன், வரலாறு கற்பிப்பவன். ஆயினும் சான்றினை எடைபோடும் முறை இரு துறைக்கும் பொதுவாதலின் இதனை எழுதத் துணிந்தேன்.

உறுப்பிறக்கங்களுள் மனிதர் முதன்முதல் அறிந்தது கருப்பை இறக்கமேயாகும். அது கண்ணாற் காணத்தக்கது. பண்டைக் கிரேக்கருட் சிலர் கருப்பையை உடலுள் அலையும் உயிரியொன்றாகக் கருதினர். நறுமணத்தால் அதனை ஈர்க்கலாம், தீநாற்றத்தால் விரட்டலாம் என நம்பினர். இறங்கிய கருப்பையை உள்ளே செலுத்துதற்காகப் பெண்ணை ஏணியொன்றிற் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடும் வழக்கமும் அக்காலத்தே இருந்தது. கி. பி. 2ஆம் நூற்றாண்டில் உரோமாபுரியில் மருத்துவந் தொழிலாகக் கொண்டிருந்த எபேசு நகரத்துச் சொரானஸ் இவ்விரண்டையும் மறுத்தார். கருப்பை மணத்தை நாடி ஓடும் விலங்கன்று என்றும், ஏணியிற் கட்டுதல் கொடிதென்றுங் கூறி, கம்பளி நூற்றிரளைத் துணியிற் பொதிந்து தாங்கலாக வைக்கும் எளிய முறையை அவர் விதித்தார். இன்று வழங்கும் வளைய வடிவான தாங்கிகள் நோக்கத்தால் அம்முறைக்கு அண்மையிலேயே நிற்கின்றன. இவ்வுறுப்பின் பிற்கால வரலாற்றுக்கு இறுதியில் மீளுவோம்.

உடலின் உள்ளே மறைந்து நிகழும் இறக்கங்களை அறிதற்கு உலகம் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று. முள்ளந்தண்டென்புகளின் இடையே மெத்தைபோல் அமைந்த தட்டுகள் பிதுங்கக்கூடும் என்பதைப் பிணங்களை ஆராய்ந்த சேர்மானிய அறிஞர் அறிந்திருந்தனர். விர்சோ 1857இலேயே அத்தகையதொன்றை விவரித்தார். திரெஸ்டன் நகரத்துச் சிமோள் ஆயிரக்கணக்கான முள்ளந்தண்டுகளை அறுத்து நோக்கினார். எனினும் இடுப்பிலிருந்து கால்வரை ஓடும் கொடிய வலிக்கும் இதற்குந் தொடர்புண்டென எவரும் உறுதியாகக் கூறினாரல்லர். சத்திர வைத்தியர்கள் அவ்வலியுடையோர் சிலரின் முள்ளந்தண்டைத் திறந்து, நரம்பை அழுத்திய சிறு துண்டுகளை அகற்றி, அவற்றைக் கசியிழையக் கட்டிகள் என எழுதிவைத்தனர்.

பொஸ்டன் நகரத்து மசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையில் இருந்த மிக்ஸ்டர், பார் என்னும் இருவரும் அங்கு போத்தல்களிற் பேணப்பட்டிருந்த பழைய 'கட்டி'களை மீண்டும் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தனர். அவற்றுட் பல கட்டிகளல்ல, பிதுங்கிய தட்டின் துண்டுகளே எனக் கண்டனர். 19 நோயாளரின் வரலாற்றோடு அவர்கள் 1934இல் வெளியிட்ட கட்டுரை மருத்துவ உலகைத் திருப்பியது. பழைய ஆவணத்தைப் புதிய வினாவோடு அணுகுதல் வரலாற்று மாணவனுக்குக் கற்பிக்கப்படும் முதற் பாடம். அஃது இங்கே போத்தலிற் கிடந்த சதைத்துண்டின்மேற் செலுத்தப்பட்டது.

இவ்வெற்றியின் பின் முதுகில் தோன்றும் நோவுக்கெல்லாம் தட்டே பழியேற்றது. சத்திரசிகிச்சைகள் பெருகின. நோர்வே நாட்டு வெபர் என்பார், சத்திரசிகிச்சை வேண்டுமோ வேண்டாவோ என ஐயுறத்தக்க நிலையிலிருந்த 126 நோயாளரைத் திருவுளச்சீட்டு முறையால் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குக் கத்தியும் மற்றவர்க்குக் கத்தியின்றிய சிகிச்சையும் அளித்துப் பத்தாண்டு தொடர்ந்து நோக்கினார். 1983இல் வெளிவந்த அவர் முடிபின்படி, முதலாண்டின் இறுதியிற் சத்திரசிகிச்சை பெற்றோர் நலமே மிகுந்திருந்தது. நான்காண்டில் வேறுபாடு தேய்ந்தது. பத்தாண்டில் இரு பிரிவினரும் ஒத்தனர். வலியை விரைந்து போக்குதற்குக் கத்தி உதவிற்று. ஆயினும் கத்தியின்றியும் பலர் நலமுற்றனர்.

இதனினும் வியப்பானது 1994இல் வெளிவந்த ஆராய்ச்சி. முதுகுவலி சிறிதும் இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. கருவியினுட் கிடத்திப் படமெடுத்தனர். நூற்றுக்கு 52 பேர் ஓரிடத்திலேனும் தட்டு வீங்கியவராயும், 27 பேர் பிதுக்கமுடையவராயும் காணப்பட்டனர். எல்லாத் தட்டுகளும் செம்மையாயிருந்தோர் நூற்றுக்கு 36 பேரே! எம் ஆசிரியர் அறையில் நண்பரொருவர் தம் முதுகின் படத்தைப் பெரிய உறையிலிட்டுக் கொணர்ந்து யாவர்க்குங் காட்டித் துயருற்ற நாளொன்றுண்டு. அன்று இச்செய்தி எனக்குத் தெரிந்திருப்பின் அவர்க்குச் சிறிது ஆறுதல் கூறியிருப்பேன்.

இனி இருதயத்துக்கு வருவோம். இக்கட்டுரையின் நடுநாயகம் இதுவே. இடது சோணையறைக்கும் இடது இதயவறைக்கும் இடையே இரு மடல்களையுடைய வால்வு ஒன்று உண்டு. அதனை இருகூர் வால்வு எனப் பாடநூல்கள் கூறும். இதயவறை சுருங்கும்போது மடல்கள் மூடிக் குருதி பின்னோக்கிப் பாயாது தடுக்கும். 1816இல் லேனெக் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இதயவொலிமானியைக் கண்டபின், சிலரின் இருதயத் துடிப்பின் நடுவே 'டிக்' என்றொரு மேலதிக ஒலியும், அதனைத் தொடர்ந்து மெல்லிய முணுமுணுப்பும் கேட்பதை மருத்துவர் குறித்தனர். 1887இலேயே அவ்வொலி பற்றி எழுதப்பட்டது. லியோன் நகரத்துக் கல்லவார்டன் 1913இல், இஃது இருதயத்தின் உள்ளே எழுவதன்று, அதனைச் சூழ்ந்த சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டமையால் எழுவது எனக் கூறினார். அவர் பிணப் பரிசோதனையில் அத்தகைய ஒட்டுகளைக் கண்டது மெய்யே. ஆனால் ஒட்டும் ஒலியும் ஒருவரிடத்தே காணப்பட்டமை, ஒன்று மற்றதற்குக் காரணம் என்பதற்குச் சான்றாகாது. எனினும் பெரியார் கூற்றாதலின், ஏறத்தாழ அரை நூற்றாண்டு அதனை எவரும் அசைக்கவில்லை.

அசைத்தவர் தென்னாபிரிக்கர். 1961இல் றீட் என்பவர் அவ்வொலி வால்விலிருந்தே எழலாம் என ஐயுற்றார். யொகான்னஸ்பேர்க் நகரத்து விற்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜோன் பார்லோ அவ்வையத்தைச் சோதனைக்குட்படுத்தினார். கதிரில் நிழல் தரும் திரவத்தை இதயவறையுள் செலுத்தி எக்ஸ்-கதிர்ச் சலனப்படம் எடுத்தபோது, முணுமுணுப்புக் கேட்ட நோயாளரிடத்தே குருதி வால்வின் வழியாகச் சோணையறைக்குட் பின்வாங்குவது தெரிந்தது. 1963இல் அவரும் அவர் தோழரும் இதனை வெளியிட்டனர். வால்வின் மடல் காற்றேறிய பாய்போல் சோணையறையுள் புடைத்தலைக் கண்டு, பார்லோ 'புடைப்பு' என்னும் பொருளுடைய சொல்லை வழங்கினார். 1966இல் அமெரிக்கராகிய கிரைலியும் அவர் குழுவினரும் அதே நிலைக்கு 'புறொலாப்ஸ்' எனப் பெயரிட்டனர். உலகம் அப்பெயரையே ஏற்றது. பார்லோ அதனை இறுதிவரை முழுதும் ஏற்றாரல்லர். மடல் புடைத்தல் வேறு, மடலின் விளிம்பு தன் இடந்தவறுதல் வேறு. முன்னது நலமுடையோரிடத்தும் இருக்கக்கூடும் என அவர் 1985இலும் எழுதினார். அவர் வேண்டியவாறு அவ்வேறுபாட்டைப் பேணியிருப்பின் பின்வந்த குழப்பம் ஓரளவேனும் குறைந்திருக்கும் என்பது என் கருத்து.

1970ஆம் ஆண்டளவில் செவிக்கெட்டா ஒலியலையால் இருதயத்தைக் காணும் 'எக்கோ' முறை பரவிற்று. ஊசியில்லை, நோவில்லை, எவரையும் சோதிக்கலாம். எனவே யாவரும் சோதிக்கப்பட்டனர். 1976இல் நலமுடையவராகக் கருதப்பட்ட 100 இளம்பெண்களைச் சோதித்தபோது 21 பேரிடத்தில் வால்விறக்கம் இருப்பதாகத் தெரிந்தது. ஐந்திலொருவர் இருதய நோயாளர் எனின், அதனை நோயென்பதா, இயல்பென்பதா? இவ்வினாவை எழுப்பியோர் சிலரே. நெஞ்சு நோவு, மூச்சுத் திணறல், படபடப்பு, அச்சம் எனப் பெண்கள் கூறிய முறைப்பாடுகளெல்லாம் வால்வின் கணக்கிற் சேர்க்கப்பட்டன. கனடாவைச் சேர்ந்த பார்னெட் குழுவினர், பாரிசவாதம் போன்ற தாக்குதலுற்ற 45 வயதுக்குட்பட்ட 60 பேரில் 24 பேருக்கு வால்விறக்கம் இருந்ததென 1980இல் அறிவிக்கவே அச்சம் மேலும் பெருகிற்று. (இவ்வரலாற்றிற் பார், பார்லோ, பார்னெட் என மூவர் வருதல் தற்செயல்; மாணவர் மயங்கற்க.) ஆரோக்கியமான இளம்பெண்கள் பலர் தம் இருதயம் பழுதுற்றதென நம்பி வாழலாயினர்.

உண்மையை வெளிப்படுத்தியது ஒரு குதிரைச் சேணம் எனலாம். மீண்டும் அதே மசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலை. ஆராய்ந்தவர் இறொபேட் லெவின். வால்வின் மடல்கள் பொருந்தியிருக்கும் வளையம் தட்டையானது என யாவரும் கொண்டிருந்தனர். லெவினும் அவர் தோழரும் 1987 முதல் வெளியிட்ட கட்டுரைகளில், அவ்வளையம் சேணம் போன்று வளைந்ததெனக் காட்டினர். சேணம் முன்னும் பின்னும் உயர்ந்தும், இரு பக்கத்தும் தாழ்ந்தும் இருப்பதை யாவரும் அறிவர். தாழ்ந்த இரு பக்கங்களையும் ஒரு கோட்டால் இணைத்து நோக்கின், நடுவே செம்மையாகக் கிடக்கும் மடலும் கோட்டுக்கு மேலே புடைத்ததுபோல் தோன்றும். உயர்ந்த முனைகளை இணைத்து நோக்கின் புடைப்பு மறையும். ஆகவே இறக்கமெனப்பட்டதிற் பெரும்பகுதி, நோக்கிய கோணத்தால் வந்த தோற்றமேயன்றி வேறில்லை.

இப்புதிய அளவுகோலைக் கொண்டு பிரெமிங்கம் என்னும் ஊர்மக்களின் சந்ததியார் 3,491 பேரைச் சோதித்தனர். 1948 தொடங்கி வைத்தியசாலைக்கு வந்தோரையன்றி ஊராரையே ஆராய்ந்து வருவது அவ்வாராய்ச்சியின் சிறப்பு. 1999இல் வெளிவந்த முடிபின்படி 84 பேருக்கே, அதாவது நூற்றுக்கு 2.4 பேருக்கே, வால்விறக்கம் இருந்தது. அவர்களிடத்தே நெஞ்சு நோவோ மூச்சுத் திணறலோ பிறரினும் மிகுந்து காணப்படவில்லை. அவ்வாண்டே வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, மூளைத் தாக்குதலுற்ற 213 இளையோரில் நால்வருக்கே அவ்விறக்கம் இருந்ததெனக் காட்டியது. தாக்குதலுறாத 263 பேரில் அஃது எழுவருக்கு இருந்தது. முன்னையோர் பொய் கூறினாரல்லர். அவர்கள் கையாண்ட அளவுகோல் தளர்ந்தது. வைத்தியசாலைக்கு வருவோர் முறைப்பாடுடையோர் என்பதையும் பலர் கருத்திற் கொள்ளவில்லை. முறைப்பாடுடையோரை மட்டும் சோதிப்பின், காணப்படுவது யாதாயினும் அது முறைப்பாட்டுக்குக் காரணம்போல் தோன்றுவது இயல்பே.

எனினும் வால்விறக்கம் வெறும் மாயையெனக் கொள்ளுதலும் பிழை. சிலரிடத்தே மடலைத் தாங்கும் நாண் அறுந்து, குருதி பெருமளவிற் பின்னோக்கிப் பாயும், இருதயம் தளரும். மிகச் சிலர் துடிப்பின் ஒழுங்கு குலைந்து திடீரென இறத்தலும் உண்டு. பாரிஸ் நகரத்துக் கார்பாந்தியே வால்வை அகற்றாது செப்பனிடும் முறையை வகுத்து 1983இல் வெளியிட்டார். அதனால் உயிர்பிழைத்தோர் பலர்.

மலக்குடலைப் பற்றி நீளக் கூறவேண்டுவதில்லை. அதன் இறக்கம் ஒருவகைக் குடலிறக்கமே என நியூயோர்க் நகரத்து மொஸ்கோவிற்ஸ் 1912இற் கூறினார். 1968இல் புறோடனும் சினெல்மனும் சலனப்படத்தால், குடல் தன்னுள் தானே மடிந்து நுழைதலே அதன் தொடக்கம் எனக் காட்டினர். அங்கும் அசையும் படமே வழக்கைத் தீர்த்தது.

கருப்பைக்கு மீளுவோம். 1996இல் இடுப்பறை உறுப்புகளின் இறக்கத்தைப் படிமுறையாக அளத்தற்குப் பொது அளவுகோல் வகுக்கப்பட்டது. அதனைக்கொண்டு வழமையான பரிசோதனைக்கு வந்த 497 பெண்களை நோக்கிய சுவிப்ற் என்பவரின் ஆராய்ச்சி 2000இல் வெளிவந்தது. சிறிதும் இறக்கமில்லாதார் நூற்றுக்கு 6.4 பேரே, பெரும்பாலார் முதலிரு படியிலும், மூன்றாம் படியில் நூற்றுக்கு 2.6 பேரும் இருந்தனர். முதுகின் தட்டிலும் இருதயத்தின் மடலிலும் அறிந்த செய்தியே இங்கும் வெளிப்பட்டது. ஆனால் பயன்படவில்லை. அதே காலத்தில், வயிற்றுக் குடலிறக்கத்துக்குப் பயன்பட்ட செயற்கை வலையைப் பெண்ணுறுப்பின் வழியாக வைத்து இறங்கியதைத் தாங்கச் செய்யும் முறை பரவிற்று. முன்னர் விற்பனையிலிருந்த பொருளை ஒத்தது எனக் காட்டினாலே அமெரிக்காவில் இசைவு கிடைத்தது. நோயாளரிடத்தே முன்கூட்டிய சோதனை வேண்டப்படவில்லை. இறக்கத்துக்கென ஆக்கப்பட்ட வலைகள் 2002 முதல் அவ்வாறே இசைவு பெற்றன. வலை தசையை அரித்து வெளிப்பட்டது, தீரா நோவு தந்தது, மணவாழ்க்கையைக் குலைத்தது. பெண்கள் முறையிட்டபோது அவர்கள் கூற்றைப் பல வைத்தியர்கள் நம்பவில்லை என்பதை இங்கிலாந்தில் 2020இல் வெளிவந்த கம்பலேஜ் அறிக்கை பதிவு செய்கின்றது. இல்லாத இருதய நோயை உண்டென்ற துறையே, உள்ள நோவை இல்லையென்றது.

பிரித்தானியாவில் நடைபெற்ற திருவுளச்சீட்டு முறை ஆராய்ச்சியொன்றின் முடிபு 2016ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. முதலிரண்டாண்டில் வலையால் மேலதிக நன்மை யாதுமில்லை. வலை பெற்றோருட் பத்திலொருவர்க்கு மேற்பட்டோரிடத்தே வலையாலேயே கேடு நேர்ந்தது. 2019 ஏப்பிரலில் அமெரிக்க அரசு அத்தகைய வலைகளின் விற்பனையை நிறுத்தியது. உடலுள் வைக்கப்பட்டவற்றை எடுத்தல் எளிதன்று; இழையம் வலையின் கண்களினூடே வளர்ந்து பிணைந்துவிடும். அவற்றை அகற்றுதற்கும், பாதிக்கப்பட்ட பெண்களைப் பராமரித்தற்கும் இங்கிலாந்தில் 2021இல் தனி நிலையங்கள் திறக்கப்பட்டன.