கூரியர் நியூ எழுத்து ஏன் இவ்வளவு மெல்லிசா இருக்கு? சாய்த்தால் ஏன் மறைந்து போகிறது?

உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் 'கூரியர் நியூ' ஃபாண்ட் இருக்கும். பழைய டைப்ரைட்டரில் அடித்த மாதிரி தெரியுமே, அதுதான். அதில் ஒரு பக்கம் அடித்து, இட்டாலிக்காக, அதாவது சாய்வெழுத்தாக மாற்றிப் பிரின்ட் எடுத்துப் பாருங்கள். பாதி அழிந்தது போல இருக்கும். பிரின்டரில் மை தீரவில்லை, எழுத்தின் வடிவமே அப்படித்தான்.

ஸ்லாப் செரிஃப் என்றால் என்ன?

ஆங்கில எழுத்துகளின் கோடு முடியும் இடத்தில் சின்னதாக ஒரு கால் நீட்டி நிற்கும். அது செரிஃப். டைம்ஸ் நியூ ரோமனில் அது கூராக இருக்கும். செங்கல் வைத்த மாதிரி தட்டையாக இருந்தால் ஸ்லாப் செரிஃப். 1810-களில் லண்டனில் தலைகாட்டிய இந்த வகை, போஸ்டர்களில்தான் அதிகம் ஓடியது. தூரத்திலிருந்தே கண்ணில் படணுமே, அதனால் எல்லாம் தடி எழுத்துகள்.

டைப்ரைட்டருக்கு இது வேறு விதத்தில் கைகொடுத்தது. அதில் ஒல்லியான 'ஐ'-க்கும் அகலமான 'எம்'-க்கும் ஒரே அளவு இடம்தான். 'ஐ'-க்கு நீளமான கால் வைத்தால் அந்த இடம் நிரம்பிவிடும். 1950-களில் ஐபிஎம் நிறுவனத்துக்காக ஹோவர்ட் கெட்லர் வடிவமைத்த கூரியர் இந்த வழியில் வந்தது. ஐபிஎம் அதைத் தனக்கு மட்டும் என்று பூட்டி வைக்கவில்லை. அதனால் எல்லா இடத்துக்கும் பரவியது.

மெல்லிசானது எப்படி?

டைப்ரைட்டரில் எழுத்து ரிப்பனை அடிக்கும்போது, காகிதத்தில் மை கொஞ்சம் பரவும். அதில்தான் தடிமன் கிடைத்தது. கம்ப்யூட்டருக்கு மாற்றியபோது, ஐபிஎம் மெஷினின் பந்து வடிவ ஹெட்டில் இருந்த மெல்லிய வடிவத்தை அப்படியே எடுத்துவிட்டார்கள். இங்கே பரவுவதற்கு மை ஏது? 1992-ல் விண்டோஸ் 3.1 உடன் அது வீடு வீடாகப் போய்விட்டது.

சாய்த்தால் இன்னும் சிக்கல். உண்மையான இட்டாலிக்கில் 'ஏ', 'எஃப்' போன்ற எழுத்துகளின் உருவமே மாறும். கூரியர் நியூவில் நேர் எழுத்தையே சாய்த்து வைத்த மாதிரிதான் இருக்கும். பழைய மானிட்டர்களில் அந்த மெல்லிய சாய்கோடு படிப்படியாக உடைந்து தெரியும்.

யாருக்கு இது முக்கியம்?

ஹாலிவுட்டுக்கு! அங்கே திரைக்கதையை 12 பாயின்ட் கூரியரில்தான் அடிப்பார்கள். ஒரு பக்கம் என்றால் திரையில் சுமார் ஒரு நிமிடம் என்பது கணக்கு. டைப்ரைட்டரில் இட்டாலிக் கிடையாது என்பதால், அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் அடிக்கோடு போட்டே பழகிவிட்டார்கள். 2013-ல் 'கூரியர் பிரைம்' இலவசமாக வந்தது. இடக் கணக்கு மாறாமல் எழுத்தைத் தடிமனாக்கி, உண்மையான இட்டாலிக்கும் கொடுத்தார்கள். புரோகிராமர்கள் கோடுக்கு நடுவே எழுதும் குறிப்புகளைத் தனியாகக் காட்டவும் இந்த வகை இட்டாலிக் உதவுகிறது.

அமெரிக்க வெளியுறவுத் துறை வேறு முடிவெடுத்தது. 2004-ல் கூரியர் நியூ 12-ஐ விட்டுவிட்டு டைம்ஸ் நியூ ரோமன் 14-க்கு மாறியது. தந்திகள், ஒப்பந்த ஆவணங்கள் போன்றவற்றுக்கு விலக்கு கொடுத்தார்கள்.