எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

1865-இல் ரஷ்யப் பேரரசின் பிடியிலிருந்த லித்துவேனியாவுக்கு ஓர் உத்தரவு வந்தது. லித்துவேனிய மொழி நூல்களை லத்தீன் எழுத்தில் அச்சிடக்கூடாது, விற்கக்கூடாது, வெளியிலிருந்து கொண்டுவரவும் கூடாது. ரஷ்ய எழுத்தில் என்றால் தடையில்லை. 1863-இல் ரஷ்ய ஆட்சிக்கு எதிராக மூண்ட கிளர்ச்சியை நசுக்கிய கையோடு, எழுத்தை மாற்றினால் ஆட்களையும் மாற்றிவிடலாம் என்று ஜாரின் அதிகாரிகள் கணக்குப் போட்டார்கள்.

‘நமக்கேன் வம்பு’ என்று ஒதுங்க முடியவில்லை. வழிபாட்டுக்கு எடுத்துச் செல்லும் பிரார்த்தனைப் புத்தகமே குற்றப் பொருளாகிவிட்டது.

கிளர்ச்சிக்காரர்களை அமைதி காக்கச் சொன்னவர் ஆயர் மோதியேயுஸ் வலான்சியுஸ். அவரே இப்போது எல்லைக்கு அப்பால், ஜெர்மானியர் ஆண்ட கிழக்குப் பிரஷியாவில் நூல்களை அச்சிட ரகசியமாக ஏற்பாடு செய்தார். அங்கிருந்த டில்சிட் நகர அச்சகங்களுக்கு இந்தத் தடை பொருந்தாது. அந்நூல்களைக் கடத்திவந்த பாதிரியார்கள் பிடிபட்டு நாடுகடத்தப்பட்ட பின் சுமை விவசாயிகளின் முதுகுக்கு மாறியது. இருட்டில் மூட்டையோடு எல்லையைத் தாண்டினார்கள். சில காவலர்கள் கைநீட்டிக் காசு வாங்கிக்கொண்டு விட்டார்கள், சிலர் சுட்டார்கள். சிக்கியவர்களில் பலர் சைபீரியாவுக்குப் போனார்கள்.

எல்லையைத் தாண்டிய புத்தகத்தை வைக்கோற்போரில் ஒளித்துவைக்க ஒருவர் வேண்டும், அடுத்த ஊருக்குக் கைமாற்ற இன்னொருவர் வேண்டும். வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் வேலை பெரும்பாலும் தாய்மாருடையது. ராட்டையை மிதித்து நூல் நூற்றபடியே, பக்கத்தில் நிற்கும் பிள்ளை எழுத்துக் கூட்டுவதைத் திருத்துவார்கள். சிற்பி பெட்ராஸ் ரிம்ஷா வடித்த ‘லித்துவேனியப் பள்ளி’ இந்தக் காட்சிதான்.

கடத்தியவர்களில் பெரும்பேர் யுர்கிஸ் பியெலினிஸுக்கு. போலீஸ் வலைவீசித் தேடிய அவர் 1846 மார்ச் 16 அன்று பிறந்தவர். அந்தத் தேதியைத்தான் புத்தகம் சுமந்தவர்களின் நாளாக லித்துவேனியா கொண்டாடுகிறது.

பொறியாளர் அன்டானாஸ் மட்சியௌஸ்காஸ் வேறு வழியில் போனார். லத்தீன் எழுத்தில் அவர் வெளியிட்ட லித்துவேனிய வரைபடத்தை அதிகாரிகள் பறித்தபோது, மூட்டை கட்டாமல் வழக்குப் போட்டார். எந்தச் சட்டத்தின்கீழ் பறித்தார்கள்? அப்படியொரு சட்டமே இல்லை. தலைமுறைக்கு மேலாக ஊரை ஆட்டிவைத்தது வெறும் நிர்வாக உத்தரவு. பேரரசின் உச்ச நீதிமன்றமான செனட், 1903-இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஜப்பானுடன் போரில் சிக்கியிருந்த ஜார் அரசு, 1904 மே 7 அன்று தடையை நீக்கியது.